மேனுவல் கியர் பிக்கப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்கப் வாங்கப் போகிறவர்கள், வாங்கிவிட்டு யோசிக்கிறவர்கள், "இந்தக் காலத்தில் போய் கிளட்ச் மிதித்துக்கொண்டு இருக்கிறாயே" என்று கேலி செய்கிறவர்கள் என மூன்று தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் மேனுவல் பிக்கப் ஓட்டுகிறவன். என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மேனுவல் தோற்கும் இடங்களை மறைக்கப் போவதில்லை. அவை நிறையவே இருக்கின்றன.

ஆட்டோமேட்டிக் இவ்வளவு நன்றாக வந்துவிட்ட பிறகும் சிலர் ஏன் மேனுவல் பிக்கப்பையே தேடுகிறார்கள்?

ஒரு காலத்தில் இதற்குச் சுலபமான பதில் இருந்தது. மேனுவல் விலை குறைவு, மைலேஜ் அதிகம், கியர்பாக்ஸ் உறுதி. பழைய மூன்று கியர், நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கோடு ஒப்பிட்டால் மூன்றுமே உண்மைதான். இன்று எட்டு கியர், பத்து கியர் ஆட்டோமேட்டிக்குகள் வந்த பிறகு இந்தக் காரணங்களில் பாதிக்கு மேல் செல்லாது. இன்னமும் இதையே சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பழைய கணக்கை வைத்துப் பேசுகிறார்கள்.

மிஞ்சியிருக்கும் காரணம் வேறு. ஓட்டுபவருக்குக் கண் இருக்கிறது, கியர்பாக்ஸுக்குக் கிடையாது. முன்னால் ஏற்றம் வருகிறதா, வளைவுக்கு அப்பால் இறக்கமா, பாதையில் சேறா என்பதெல்லாம் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளுக்கு வேகம் குறைந்த பிறகு, ஆக்சிலரேட்டர் அழுத்தப்பட்ட பிறகு, சக்கரம் வழுக்கிய பிறகுதான் தெரியும். அந்த ஒன்றிரண்டு நொடி வித்தியாசம் காரில் பெரிதாகத் தெரியாது. பின்னால் லோடு இருக்கும் பிக்கப்பில் தெரியும்.

"கட்டுப்பாடு நம் கையில்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். நடைமுறையில் அப்படி என்றால் என்ன?

பிக்கப்பின் குணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் காலியாகப் போகும் வண்டி மாலையில் ஒரு டன் சுமையோடு திரும்பும். அதே இன்ஜின், அதே கியர்கள், ஆனால் இரண்டு வேறு வண்டிகள். காலியாக இருக்கும்போது பின்பக்கம் பாரமே இருக்காது. ஈரப் புல்லில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே பின்சக்கரம் சும்மா சுற்றும். மேனுவலில் அங்கே இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டு நகர்த்திவிடலாம். சக்கரத்துக்குப் போகும் இழுவையை நாமே குறைத்துக் கொடுக்கிறோம்.

லோடு ஏற்றிய பிறகு பிரச்சினை நேர்மாறாக வரும். நீண்ட ஏற்றத்தில் ஆட்டோமேட்டிக் ஒரு கியரில் ஏறும், கொஞ்சம் சமமானதும் மேல் கியருக்குப் போகும், இழுக்க முடியாமல் மறுபடி கீழே இறங்கும். ஏற்றம் முடியும்வரை இதே ஊசலாட்டம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாகிறது, ஓட்டுபவருக்கு எரிச்சலும் சூடாகிறது. மேனுவலில் மூன்றாம் கியர் போட்டால் மூன்றாம் கியர்தான். மேலே போய்ச் சேரும்வரை அது அசையாது.

சரி, புதிய ஆட்டோமேட்டிக்குகளில் லோடு இழுக்க என்றே தனி மோட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. இந்த ஊசலாட்டத்தைப் பெருமளவு அது குறைத்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டனை அழுத்துவதும் நாம்தானே. வண்டியால் எல்லாவற்றையும் தானாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வண்டியே ஒப்புக்கொள்கிற பட்டன் அது.

இறக்கத்தில் மேனுவல் பாதுகாப்பானது என்கிறார்கள். எப்படி?

இதை மட்டும் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். வண்டியும் சுமையும் சேர்ந்து 3 டன் என்று வையுங்கள். 100 மீட்டர் உயரத்திலிருந்து வேகம் கூடாமல் கீழே இறங்க வேண்டும் என்றால், சுமார் 29 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது தொலைத்தாக வேண்டும். ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. காற்றும் டயரும் தின்றது போக மீதி முழுவதும் பிரேக் டிஸ்கிலும் டிரம்மிலும் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதல் 100 மீட்டர் தாங்கும். 500 மீட்டர் உயரம் இறங்கும் பாதையில் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் அது கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

குறைந்த கியரில் இறங்கினால் இந்த வெப்பத்தில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்கிறது. பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்று வரும் வழி அடைபடுகிறது. பிஸ்டன்கள் அந்த வெற்றிடத்தை எதிர்த்து உழைக்க வேண்டியிருப்பதால் வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கிற உணர்வு வரும். மேனுவலில் இன்ஜினும் சக்கரமும் நேரடியாகப் பூட்டியிருப்பதால் இந்தப் பிடிப்பு தளராது. ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பைப் பெறலாம், தவறில்லை. பழைய மாடல்களில் கியர்பாக்ஸ், கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டரின் எண்ணெய் வழியாகத்தான் இன்ஜினோடு இணைந்திருக்கும். அதில் பிடிப்பு கொஞ்சம் வழுக்கலாகத்தான் கிடைக்கும். புதியவற்றில் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்வதால் அந்தக் குறை பெரும்பாலும் போய்விட்டது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டீசல் என்றால் இன்ஜின் பிடிப்பு அதிகம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. வழக்கமான டீசலில் காற்று வழியை அடைப்பதில்லை, அதனால் இயல்பான பிடிப்பு பெட்ரோலைவிடக் குறைவு. பெரிய டீசல் பிக்கப்புகளில் புகை போகும் வழியை மூடிப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பதே அதனால்தான். மேனுவல் டீசல் வைத்திருப்பவர், எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கலாம் என்ற பழைய வழக்கத்தை நம்பாமல், அதற்கும் ஒரு கியர் குறைத்தே இறங்குவது நல்லது.

ஆமை வேகத்தில் ஊர்ந்து போக வேண்டிய வேலைக்கு?

இது மேனுவலின் சொந்த வீடு. பழைய வேலைக்கார பிக்கப்புகளில் முதல் கியரைத் தினசரி ஓட்டத்துக்குப் பயன்படுத்தவே மாட்டார்கள். இரண்டாம் கியரில்தான் வண்டி கிளம்பும். முதல் கியர் வயல், சேறு, செங்குத்தான ஏற்றம், முழு லோடு என்று ஒதுக்கிவைக்கப்பட்ட ஒன்று. செவர்லே, ஜிஎம்சி வண்டிகளில் 1968 முதல் 1991 வரை வந்த எஸ்எம்465 என்ற நான்கு கியர் பெட்டியில் முதல் கியர் விகிதம் 6.55. இதோடு பின் அச்சின் விகிதம் 4.10 என்றால் இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 27 வரும். அதாவது இன்ஜின் 27 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது, 31 அங்குல டயரில் வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 4.4 கிலோமீட்டர். ஆள் நடக்கிற வேகம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் எல்லாக் கியரையும் இன்னும் தாழ்த்தும் லோ ரேஞ்சும் இருந்தால் அதிலும் பாதி அல்லது அதற்கும் கீழே. எந்தப் பெடலிலும் கால் இல்லாமல், பக்கத்தில் நடந்து வருகிறவரோடு பேசிக்கொண்டே போகலாம்.

இன்றைய மேனுவல்களில் இவ்வளவு தாழ்ந்த முதல் கியர் அரிது. நவீன ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் விகிதம் 4.7 அளவில் இருந்தாலும், கிளம்பும் நேரத்தில் டார்க் கன்வெர்ட்டர் இழுவையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொடுக்கிறது. அதனால் கிளம்பும் பலம் என்று பார்த்தால் ஆட்டோமேட்டிக் பின்தங்கவில்லை. வித்தியாசம், ஒரே வேகத்தில் ஊர்வதில்தான்: மேனுவல் ஒரே சீராக ஊரும், ஆட்டோமேட்டிக் பிரேக்கை விட்டதும் முன்னே தாவப் பார்க்கும், கால் எப்போதும் பிரேக்கிலேயே இருக்க வேண்டும்.

பாறை, மணல், சேறு என்று தடமில்லாத இடங்களில் எது மேல்?

மேனுவல்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். பாறையிலும் மணலிலும் நான் ஆட்டோமேட்டிக் பக்கம்தான். பாறைமேல் ஒரு சக்கரத்தை அங்குலம் அங்குலமாக ஏற்றும்போது மேனுவலில் மூன்று பெடலுக்கு இரண்டு கால்தான் இருக்கிறது. வண்டி ஆஃப் ஆகும், பின்னால் உருளும், கிளட்ச் நாறும். மணலில் கியர் மாற்றக் கிளட்சை மிதிக்கும் அரை நொடியில் வேகம் செத்து வண்டி புதைந்துவிடும்.

மேனுவலுக்கு என்று ஒரு தந்திரம் உண்டு. சில பிக்கப்புகளில், குறிப்பாக டொயோட்டா டகோமாவின் மேனுவல் மாடல்களில், கிளட்சை மிதிக்காமலே ஸ்டார்ட் செய்ய அனுமதிக்கும் பட்டன் ஒன்று வந்தது. பாறைமேல் ஏறும்போது வண்டி ஆஃப் ஆகிவிட்டால், லோ ரேஞ்ச் முதல் கியரில் இருந்தபடியே சாவியைத் திருப்பலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னே தள்ளி, அதே வேகத்தில் இன்ஜினும் பிடித்துக்கொள்ளும். பின்னால் ஓர் அங்குலம்கூட உருளாது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஆயுளை நினைத்தால் எப்போதாவது மட்டும் செய்ய வேண்டிய வேலை.

பெரிய ட்ரெய்லர் இழுக்க மேனுவல் வாங்கலாமா?

வேண்டாம். தினமும் கனமான ட்ரெய்லர் இழுப்பதுதான் வேலை என்றால் ஆட்டோமேட்டிக்கை வாங்குங்கள். தயாரிப்பாளர்களே இதை எண்களில் எழுதிக் கொடுக்கிறார்கள். 2018 ராம் 3500 வண்டியில் 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசலுக்கு மேனுவலோடு 660 பவுண்டு-அடி டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை). அதே இன்ஜினின் உச்ச வடிவத்துக்கு ஆட்டோமேட்டிக்கோடு 930. டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசலும் அப்படித்தான்: மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. இன்ஜினால் முடியாமல் இல்லை. அவ்வளவு இழுவையை ஒரு கிளட்ச் பிளேட்டும், மனிதக் காலால் மிதிக்கக்கூடிய பெடலும் தாங்காது. அதனால் மேனுவலுக்கு இன்ஜினையே அடக்கி வைக்கிறார்கள்.

ட்ரெய்லரைப் பின்னால் எடுப்பது இன்னொரு தலைவலி. ரிவர்ஸ் கியரில் சரியான இடத்தில் பொருத்த வேண்டும் என்றால் நொடிக்கு நொடி ஹாஃப் கிளட்ச் போட வேண்டும், அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்டுப் பிடிக்க வேண்டும். நான் ஒரு முறை லோடோடு ஏற்றத்தில் ட்ரெய்லரைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பத்து நிமிடம் இழுத்தடித்தேன். அந்த நாற்றம் வண்டிக்குள் மூன்று நாள் இருந்தது. கிளட்ச் ஆறு மாதத்தில் போனது. தவறு முழுக்க என்னுடையதுதான்.

எப்போதாவது சிறிய ட்ரெய்லர் என்றால் மேனுவல் தாராளமாகப் போதும். ஆனால் வாங்குமுன் கையேட்டில் இழுவை வரம்பைப் பாருங்கள். ஒரே மாடலில் மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் வேறு வேறு எண் போட்டிருப்பார்கள்.

மைலேஜ்?

இன்று பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் சமம் அல்லது ஒரு படி மேல். கியர் எண்ணிக்கை கூடியதும், கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்வதும்தான் காரணம். நிதானமாக ஓட்டுகிற மேனுவல்காரர் கொஞ்சம் கூடுதலாக எடுக்கலாம். எல்லாரும் தங்களை அந்த நிதானக்காரராகவே நினைத்துக்கொள்கிறார்கள், நான் உட்பட.

பராமரிப்பு எதில் சுலபம்?

மேனுவலில் தேயும் பாகம் எது என்று முன்கூட்டியே தெரியும்: கிளட்ச். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. கியர்பாக்ஸ் தன்னளவில் பல்சக்கரங்களும் தண்டுகளும் எண்ணெயும்தான். பழுதைக் காதால் கேட்டே ஒரு நல்ல மெக்கானிக் சொல்லிவிடுவார். ஆட்டோமேட்டிக்கில் உள்ளே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பல கிளட்ச்கள், வால்வுகள், சோலனாய்டுகள், அவற்றை ஆட்டுவிக்கும் கணினி. ஒழுங்காகக் குளிர்வித்து எண்ணெய் மாற்றினால் வெகுகாலம் உழைக்கும். கெட்டுப்போனால் எல்லா வொர்க்‌ஷாப்பும் கைவைக்காது. பெட்டியை அப்படியே மாற்றச் சொல்வார்கள்.

இதில் மேனுவல்காரர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. புதிய டீசல்களில் பலவற்றுக்கு அதிர்வைக் குறைக்க இரட்டை ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுழலும், இரண்டு பாகமான கனத்த சக்கரம்) வைக்கிறார்கள். கிளட்ச் மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தால், "மேனுவல் என்றால் மலிவு" என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும். கிளட்சைத் தள்ளும் சிலிண்டரைப் பெட்டிக்குள்ளேயே வைத்த மாடல்களில், ஒரு சின்ன ரப்பர் சீல் கசிந்தாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

கிளட்ச் எவ்வளவு கிலோமீட்டர் வரும்?

அதை ஓட்டுபவரின் இடது காலைத்தான் கேட்க வேண்டும். ஐம்பதாயிரத்தில் தீர்த்தவர்களும் உண்டு, இரண்டு லட்சம் தாண்டியும் முதல் கிளட்சிலேயே ஓட்டுகிறவர்களும் உண்டு. பெடல்மேல் கால் வைத்தபடி ஓட்டுவது, ஏற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடிப்பது, பெரிய டயர் போட்டுவிட்டு அதே கியர் விகிதத்தில் லோடு இழுப்பது ஆகிய மூன்றும் சீக்கிரம் கொல்லும். மேல் கியரில் அழுத்தும்போது ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டது.

பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்பது இன்றும் உண்மையா?

பாதி உண்மை. பேட்டரி பலவீனமாக இருந்து ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்ற முடியவில்லை என்றால், சாவியைப் போட்டு, இரண்டாம் கியரில் வைத்து, இறக்கத்தில் உருட்டிக் கிளட்சை விட்டால் கிளம்பிவிடும். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் நவீன வண்டியின் கணினிக்கும் எரிபொருள் பம்புக்கும் மின்சாரமே இருக்காது. எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை. அப்புறம், இன்ஜின் பிடிக்கும்வரை ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனமாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் இதற்கு வழியே இல்லை. உள்ளே கிளட்ச்களைப் பிடிக்கும் எண்ணெய் அழுத்தத்தை இன்ஜின் ஓட்டும் பம்ப்தான் தருகிறது. இன்ஜின் ஓடாமல் அழுத்தம் வராது, அழுத்தம் இல்லாமல் சக்கரத்தின் சுழற்சி இன்ஜினுக்குப் போய்ச் சேராது.

நெரிசலான சாலையில் தினமும் ஓட்ட?

ஆட்டோமேட்டிக். முழங்காலுக்கு நல்லது.

மேனுவல் வண்டியைத் திருட மாட்டார்களாமே?

மேனுவலே ஓட்டத் தெரியாதவர்கள் நிறைந்த நாட்டில், திருட வந்தவர் மூன்றாவது பெடலைப் பார்த்துத் திகைத்து நிற்க வாய்ப்புண்டு. எல்லாரும் மேனுவலில் ஓட்டக் கற்கும் நாடுகளில் இந்தப் பாதுகாப்புக்கு வேலையே இல்லை. ஒரு நல்ல பூட்டு வாங்குங்கள்.

லிவரைத் தள்ளியே கியர் மாற்றும் வசதி ஆட்டோமேட்டிக்கிலும் இருக்கிறதே, அது போதாதா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். இறக்கத்தில் கியரைப் பிடித்து வைக்க அது ஒன்றே கிட்டத்தட்ட முழுத் தீர்வு. ஆனால் சில வண்டிகளில் நீங்கள் கேட்பது கியரை அல்ல, கியரின் மேல் வரம்பைத்தான்: "நாலுக்கு மேல் போகாதே" என்று சொல்கிறீர்கள், மூன்றா நாலா என்று பெட்டி முடிவெடுக்கும். ஆர்பிஎம் உச்சம் தொட்டால் தானே மாற்றிவிடும் மாடல்களும் உண்டு. இறுதிச் சொல் கணினியுடையது என்பது சிலரை உறுத்துகிறது. மற்றவர்களுக்கு அது நிம்மதி.

அப்படியானால் கம்பெனிகள் ஏன் மேனுவலை நிறுத்திக்கொண்டே வருகின்றன?

அமெரிக்கச் சந்தையைப் பார்த்தால் வரிசை தெளிவாகத் தெரியும். ஃபோர்டு எஃப்-150 வண்டியில் 2008 மாடலோடு மேனுவல் போனது. ஃபோர்டின் கனரக சூப்பர் டியூட்டியில் 2010 மாடலோடு. கடைசியாகத் தாக்குப்பிடித்த பெரிய பிக்கப் ராம் 2500, 3500. அதுவும் 2018 மாடலோடு முடிந்தது. நடுத்தர அளவில் ஜீப் கிளாடியேட்டர் 2025 மாடலில் மேனுவலைக் கைவிட்டது. டொயோட்டா மட்டும் 2024இல் வந்த புதிய டகோமாவிலும் ஆறு கியர் மேனுவலை வைத்தது; ஆனால் ஹைப்ரிட் வகைக்கு அது கிடையாது.

வாங்குகிறவர்கள் குறைந்துபோனதுதான் முதல் காரணம். விரும்புகிறேன் என்று பேசுபவர்கள் நிறைய, கையெழுத்துப் போடுபவர்கள் சொற்பம். இரண்டாவது, ஒரே இன்ஜினாக இருந்தாலும் கியர்பாக்ஸ் மாறினால் புகை அளவுக்கான அமைப்பையும் சோதனையையும் தனியாகச் செய்ய வேண்டும். சில ஆயிரம் வண்டிக்கு அந்தச் செலவு கட்டாது. மூன்றாவது, முன்னால் போகும் வண்டி நின்றால் தானே நின்று, அது கிளம்பினால் தானே கிளம்பும் வசதிகளுக்குக் கிளட்ச் பெடல் இடைஞ்சல்.

பழைய மேனுவல் பிக்கப் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். ஆறிய எண்ணெயில்தான் இரண்டாம் கியர் கரகரக்கும் பழக்கம் வெளியே தெரியும். வழக்கமாக முதலில் தேய்வது அந்தக் கியரின் சிங்க்ரோதான், அதாவது கியர் உரசாமல் விழ உதவும் வளையம்.

நியூட்ரலில் வைத்துக் கிளட்சை மிதியுங்கள். மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். காலை எடுத்ததும் சத்தம் வந்து, மிதித்தால் நின்றால், கியர்பாக்ஸின் உள்பேரிங்; இது கொஞ்சம் பெரிய செலவு. அடுத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்னால் ஆள் இல்லாத இடத்தில், மூன்றாம் கியரில் கிளட்சை நிதானமாக விடுங்கள். இன்ஜின் உடனே திணறி ஆஃப் ஆக வேண்டும். சாவகாசமாக ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தீர்ந்துவிட்டது. இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், அதுவே கிளட்சைத் தின்னும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கீழே கையால் துடைத்துப் பாருங்கள், எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று. அங்கே கசிவு இருந்தால் கிளட்ச் பிளேட்டிலும் எண்ணெய் பட்டிருக்கலாம். கடைசியாக ட்ரெய்லர் கொக்கியைப் பாருங்கள். அதில் பந்து தேய்ந்து பளபளத்துக்கொண்டிருக்க, "நான் லோடே இழுத்ததில்லை" என்று விற்பவர் சொன்னால், புதுக் கிளட்ச் செலவைக் கழித்துவிட்டு விலை பேசத் தொடங்குங்கள்.